ரத்னம்மா தலையசைக்கும் வரை

போன வாரம், டயாலிசிஸ் டெக்னீஷியன்களான உங்களில் ஒருவர் எனக்கு போன் செய்தார். "சார், பேஷண்ட்டுங்க மெஷின் மேல எலுமிச்சம்பழம் வெக்கிறாங்க. எடுத்துக் கடாசிரலாமா?" என்று கேட்டார். எடுத்துவிடுங்கள். டயாலிசிஸ் மெஷின் மேல் பழமும் வேண்டாம், பூவும் வேண்டாம். ஆனால் எடுப்பதற்கு முன்னால், வைத்தவரிடம் ஏன் வைத்தீர்கள் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அந்தப் பதிலில் உங்களைப் பற்றியும் ஏதாவது இருக்கலாம். நான் கேட்காமல் விட்டேன். அதனால் ஒரு மனிதன் சாவின் வாசல் வரை போனான். அந்தக் கதையை வேலையில் இருந்தவரை வெளியே பேசியதில்லை. இப்போது சொல்லிவிடுகிறேன்.

நான் ஜோகுபாளையத்துக்காரன். எங்கள் வீட்டுச் சுவரில் புத்தர் படம் ஒன்றுதான் தொங்கும். சாமி ஆடுகிறவர்களைக் கண்டால் எனக்குச் சிரிப்பு வரும், கூடவே எரிச்சலும் வரும். பழைய மெட்ராஸ் ரோட்டை ஒட்டிய ஒரு சின்ன தர்ம ஆஸ்பத்திரியில், எட்டு நாற்காலி போட்ட டயாலிசிஸ் பிரிவில்தான் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றேன். அங்கே விரதம் வரும், நோன்பு வரும், ஜெபக் கூட்டத்து எண்ணெய் வரும், சபரிமலை மாலை வரும். எதையும் கேலி செய்யாதீர்கள், எதற்கும் பயந்து கணக்கை மாற்றவும் செய்யாதீர்கள். தீர்த்தமும் தண்ணீர்தான், எடை மெஷினுக்கு பக்தி கிடையாது. இவ்வளவையும் ஜூனியர்களுக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தவன்தான் நான். ஊருக்கு உபதேசம் என்று எங்கள் நர்ஸ் ஸ்டெல்லா சிஸ்டர் சொல்லிச் சிரிப்பார்.

குழாயில் காவிரித் தண்ணீர் நின்றுபோய், ஊரே டேங்கர் லாரிக்குப் பின்னால் ஓடிய கோடை அது. எங்கள் ஆஸ்பத்திரிக்கும் டேங்கர்தான். லாரிக்காரர்கள் எங்கே மொண்டார்கள், அதில் எவ்வளவு பிளீச்சிங் பவுடரைக் கொட்டினார்கள் என்பதெல்லாம் அவர்களுக்கே வெளிச்சம். உங்களுக்குத் தெரியும், ஃபில்டரைத் தாண்டி குளோரின் வந்துவிட்டால் நோயாளியின் ரத்தம் உடம்புக்குள்ளேயே உடைந்துபோகும். அதற்காகத்தான் காலையில் முதல் ஆளை மெஷினில் போடுவதற்கு முன்னால் அந்தச் சோதனை. கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் தண்ணீர், அதில் மருந்து சில சொட்டு. நிறம் மாறாவிட்டால் நல்லது. மஞ்சளானால் ஒருவரையும் தொடக்கூடாது.

அன்று டேங்கர் தாமதமாக வந்தது. எட்டு பேர் காத்திருந்தார்கள். நான் ரெஜிஸ்டரை எடுத்து, 'குளோரின் இல்லை' என்று எழுதி, நேரம் போட்டு, கையெழுத்தும் போட்டேன். மருந்து டப்பாவைத் திறக்கவே இல்லை. இத்தனை வருஷம் மாறாத நிறம் இன்றைக்கு மட்டும் மாறிவிடுமா என்று ஒரு நினைப்பு. சோம்பேறி என்று என்னை யாரும் சொன்னதில்லை. அனுபவசாலி என்றுதான் சொல்வார்கள். அனுபவசாலிகளுக்கு மட்டுமே வரும் வியாதி இது.

முதல் நாற்காலியில் பிரகாஷ். முப்பத்துநாலு வயது. கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வந்து பொம்மசந்திராவில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தவன். ரெண்டு கிட்னியும் போன பிறகும் ஹோசூர் ரோட்டிலிருந்து ரெண்டு பஸ் மாறி, ஒருநாள் தவறாமல் வருவான். அதிகம் பேசமாட்டான், எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருப்பான். அவன் கையில் ஊசி போட்டு, குழாயை மாட்டி, கிளாம்ப்பைத் திறக்கக் கை வைத்தேன். அப்போது என் மணிக்கட்டை யாரோ பிடித்தார்கள்.

ரத்னம்மா. காத்திருந்த எட்டு பேரில் ஒருவர். தொம்மலூரில் ஒரு கம்பெனி ஆபீசில் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்த்தவர், ஐம்பத்தைந்து வயதிருக்கும். ஆடி மாதத்தில் தெருக்கோயில் எல்லம்மா அம்மனுக்குச் சாமி ஆடுவார் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். மற்ற நாட்களில் என்னிடம் நிமிர்ந்துகூடப் பேசமாட்டார். எனக்குப் பின்னால் எப்போது வந்து நின்றார் என்று தெரியவில்லை. அந்தக் கை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததுபோல ஜில்லென்று இருந்தது.

"நீரு பேடா," என்றார்.

தண்ணீர் வேண்டாம் என்கிறார். ரத்னம்மா எங்களிடம் எப்போதும் தமிழில்தான் பேசுவார். இது கன்னடம், குரலும் அவருடையதாக இல்லை. அடித்தொண்டையிலிருந்து, அவசரமே இல்லாமல் வந்தது.

"என்னம்மா, காலைலயே அம்மன் டூட்டிக்கு வந்துட்டாங்களா? போய் உக்காருங்க," என்றேன்.

பிடி தளரவில்லை. கண்கள் என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் தண்ணீர் ரூம் கதவைப் பார்த்தன. இமை கொட்டவில்லை. "நீரு பேடா," என்று மறுபடியும் சொன்னார். ஹாலில் இருந்த எல்லோரும் எங்களையே பார்த்தார்கள். அவர் வாயை மூடுவதற்காகவே கண்ணாடிக் குழாயை எடுத்துவந்து, எல்லோர் முன்னாலும் தண்ணீர் பிடித்து, சொட்டு மருந்தை விட்டேன்.

தண்ணீர் மஞ்சளானது. லேசான மஞ்சள்கூட இல்லை. அம்மன் கோயிலில் அபிஷேகம் முடிந்து வழியும் தண்ணீர் போல அப்படியொரு மஞ்சள். பின்னாலிருந்து ஒரு கிழவர், "அம்மா, தாயே," என்று முனகினார்.

பிரகாஷின் ஊசியைப் பிடுங்கி, எல்லா மெஷினையும் நிறுத்தி, எட்டு பேரையும் வேறு ஆஸ்பத்திரிகளுக்குப் பிரித்து அனுப்பினோம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. டாக்டர் வந்து, எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டார். ரெஜிஸ்டரில் என் பொய் இருந்தது. அவர் புரட்டிப் பார்ப்பதற்குள் ஸ்டெல்லா சிஸ்டர் முந்திக்கொண்டு, "ரத்னம்மா மேல அம்மன் வந்து சொன்னாங்க டாக்டர்," என்றார். டாக்டர் சிரித்தார், பேச்சு அந்தப் பக்கம் போய்விட்டது. முதல் சோதனைக்குப் பிறகுதான் டேங்கர் தண்ணீர் ஏறியிருக்க வேண்டும் என்று ஒரு காரணத்தை நானும் சொல்லி வைத்தேன்.

என் தப்பை மறைத்துக்கொள்ள ஒரு தெய்வம் வசதியாக வந்து நின்றது. தெய்வத்தை நம்பாதவன் நான். நம்பாத தெய்வத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள எனக்கு வெட்கமாகக்கூட இல்லை.

அடுத்த முறை, ரத்னம்மா இல்லாமல் ஒருவரும் நாற்காலியில் ஏறவில்லை. அவர் வரும்வரை நின்றார்கள். அவர் வரிசையாக நடந்து ஒவ்வொரு மெஷினிலும் உள்ளங்கையை வைத்தார். தலையசைத்தால் அந்த நாற்காலிக்காரர் உட்காருவார். ஒரு மாதத்தில் அதுவே வழக்கமாகிவிட்டது. மெஷின்களின் மேல் எலுமிச்சம்பழங்கள் வந்தன. கொடுமை என்னவென்றால், நாங்களும் காத்திருந்தோம். பதினைந்து வருஷ சர்வீஸ் உள்ள சிஸ்டர் கையில் ஊசியுடன் ரத்னம்மாவின் தலையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். நானும் நின்றேன். நான் சோதனையை ஒழுங்காகச் செய்தேன், ஆனால் அதை யாரும் பார்க்கவில்லை.

ரெண்டு தடவை அவர் ஒரு மெஷினில் கை வைத்துவிட்டுத் தலையசைக்காமல் தாண்டிப்போனார். ரெண்டு தடவையும் அந்த மெஷின் அன்றே மக்கர் செய்தது. பழைய மெஷின், வாரம் ஒருமுறை எப்படியும் மக்கர் செய்யும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், அவர் தாண்டிப்போகும்போது என் கையில் ரோமம் எழுந்து நிற்கும். அவர் முகத்தில் பெருமை எதுவும் கிடையாது. தூக்கத்தில் நடப்பவரைப் போல வருவார், வரிசை முடிந்ததும் தன் நாற்காலியில் சரிந்து கண்ணை மூடிக்கொள்வார்.

அப்புறம் அந்தச் செவ்வாய்க்கிழமை. ரத்னம்மா பிரகாஷின் முன்னால் நின்றார். மெஷினில் கை வைக்கவில்லை. அவன் நெஞ்சுக்கு நேராகக் கையை நீட்டி, தொடாமல் நிறுத்தினார்.

"இவனிகெ இவத்து பேடா."

இவனுக்கு இன்றைக்கு வேண்டாம். அன்று எடை பார்த்தபோது அவன் உடம்பில் மூன்று லிட்டருக்கு மேல் தண்ணீர் சேர்ந்திருந்தது. வேண்டாம் என்று சொல்லவே கூடாத நாள். பிரகாஷ் எழுந்து செருப்பை மாட்டினான்.

"உக்காருப்பா. கால் வீங்கியிருக்கு பாரு," என்றேன்.

"அம்மா வேணாங்குறாங்களே சார்."

"நான் சொல்றேன், உக்காரு."

அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். அந்தப் பார்வைக்கு அன்று எனக்கு அர்த்தம் தெரியவில்லை. நான் குறுக்கே நின்றிருக்க வேண்டும், டாக்டரைக் கூப்பிட்டிருக்க வேண்டும். நாலு பேர் முன்னால் அம்மனை எதிர்த்து, அவனை மெஷினில் போட்டு, அவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? அந்த மஞ்சள் தண்ணீர் என் கண்ணுக்குள்ளேயே நின்றது. வழி விட்டேன். என் வேலைக்காலத்தில் நான் எடுத்த மிக மோசமான முடிவு அது.

வியாழக்கிழமை அவன் வரவில்லை. போன் செய்தேன். அவன் மனைவி கவிதா எடுத்தாள். "அம்மா கூப்புட்டாதான் வருவேங்குறாரு சார். சோறு எறங்க மாட்டேங்குது," என்றாள்.

நேராக ரத்னம்மாவிடம் போனேன். மெஷினில் இருந்தார், கண் மூடியிருந்தது. "செவ்வாய்க்கிழமை பிரகாஷை வேணாம்னு அனுப்பிட்டீங்களே, இப்ப வரச் சொல்லுங்கம்மா," என்றேன்.

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். மருண்டுபோன, சாதாரணமான, பழைய ரத்னம்மா. "நானா? நா எப்பண்ணா சொன்னேன்?"

"நீங்கதான். எல்லாரும் கேட்டோம்."

"எனக்கு ஒண்ணும் தெரியாதுண்ணா. உள்ள வந்தா எல்லாரும் என்னையே பாக்குறீங்க. தல சுத்துது. அப்பறம் நாற்காலில கெடக்குறேன். நடுவுல என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியல." அவர் அழ ஆரம்பித்தார். "யாராச்சும் இத நிறுத்துங்களேன். நீங்களாவது திட்டுவீங்கன்னு பாத்தேன்."

நான் திட்டவில்லை. மூன்று மாதமாக ஒரு நோயாளியின் மயக்கத்தைக் கேட்டு நாங்கள் எட்டு உயிர்களை நடத்திக்கொண்டிருந்தோம்.

வெள்ளிக்கிழமை காலையில் கவிதாவே போன் செய்தாள். பிரகாஷால் படுக்க முடியவில்லை, மூச்சு விட்டால் கொதிக்கிற சத்தம் வருகிறது என்றாள். ஆம்புலன்சை எடுத்தோம். டாக்டருக்குத் தகவல் சொன்னேன். வழியில் ரத்னம்மாவையும் ஏற்றிக்கொண்டேன். அவர் வந்து, போகலாம் வா என்று ஒரு மனுஷியாகச் சொன்னால் போதும் என்று என் கணக்கு.

பொம்மசந்திராவில் ஃபேக்டரிகளுக்குப் பின்னால் ஒற்றை அறை வீடுகளின் வரிசை. வெளியே நல்ல வெயில், உள்ளே ஜன்னலை அடைத்து வைத்திருந்தார்கள். ஊதுவத்திப் புகை. பிரகாஷ் பிளாஸ்டிக் நாற்காலியில் முன்பக்கம் சாய்ந்து, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முகம் ஊதி, அடையாளம் தெரியவில்லை. ஒவ்வொரு மூச்சுக்கும் நெஞ்சுக்குள் தண்ணீர் புரளும் சத்தம் வாசல்வரை கேட்டது. ஆக்சிஜன் மாஸ்க்கை வைத்தேன். வாங்கிக்கொண்டான். தூக்கப் போனால் கம்பியை விடவில்லை. டிரைவரும் நானும் ஒரு தடவை இழுத்துப் பார்த்தோம், அவன் உதடு நீலமாகிவிட்டது. இனி மல்லுக்கட்டினால் எங்கள் கையிலேயே போய்விடுவான் என்று தெரிந்தது.

"பிரகாஷ், எந்திரிப்பா. நா ரத்னம்மா வந்திருக்கேன். ஆஸ்பத்திரிக்குப் போலாம்," என்றார் ரத்னம்மா.

அவன் தலையை ஆட்டினான். "நீங்க இல்ல... அவங்க... சொல்லட்டும்."

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அம்மனும் இல்லை ஒன்றும் இல்லை, நான் சோதனை செய்யாமல் எழுதினேன், அந்த அம்மாள் பயத்தில் ஏதோ சொன்னார், அவ்வளவுதான். கவிதா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். சொல்லாமல் அவன் மாஸ்க்கைச் சரிசெய்தேன். ஒரு மனிதன் மூழ்கிக்கொண்டிருக்கும்போதும் எனக்கு என் மானம்தான் பெரிதாக இருந்தது.

ரத்னம்மா என் காதருகே வந்தார். "நடிக்கட்டுமாண்ணா?" என்று மெதுவாகக் கேட்டார். தலையசைத்தேன்.

அவர் கொண்டையை அவிழ்த்தார். கண்ணை மூடினார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. நெஞ்சுக்குள் புரளும் அந்தத் தண்ணீர் சத்தத்தைத் தவிர அறையில் வேறு எதுவும் கேட்கவில்லை. பிறகு கண் திறந்தது. இமை கொட்டவில்லை. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, இது நடிப்பு இல்லை.

"ஏளு," என்றது அந்தக் குரல். எழுந்திரு.

பிரகாஷின் விரல்கள் கம்பியை விட்டன.

அந்த முகம் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தது. "பரெதவனே, எத்து."

எழுதியவனே, தூக்கு என்கிறது. ரெஜிஸ்டரில் எழுதியதை நான் ஒருவரிடமும் சொன்னதில்லை. என் மனைவிக்குக்கூடத் தெரியாது. அவனைத் தூக்கினேன்.

வழியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் எமர்ஜென்சியில் சேர்த்தோம். உடனே மெஷினில் போட்டு, லிட்டர் கணக்கில் தண்ணீரை எடுத்தார்கள். சாயங்காலம் அவன் மல்லாந்து படுத்து மூச்சு விட்டான். வெளியே பெஞ்சில் ரத்னம்மா தலைமுடியை முடிந்துகொண்டு, "நா நடிக்கறதுக்குள்ளயே எந்திரிச்சிட்டானாண்ணா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொன்னேன்.

மறுநாளே டாக்டரிடம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். மெமோ வந்தது, என் இன்கிரிமென்ட் நின்றது, அதெல்லாம் நியாயம்தான். ரத்னம்மாவுக்கு ரத்த அழுத்தம் சட்டென்று இறங்குகிறது என்று டாக்டர் மருந்தை மாற்றினார். நோயாளிகளிடமும் அவரே பேசினார். அதற்குப் பிறகு ரத்னம்மா யார் மெஷினையும் தொடவில்லை. அந்தக் குரலும் வரவில்லை.

அந்தக் குரல் எது என்று என்னைக் கேட்காதீர்கள். நான் பல நாள் யோசித்து ஒரு காரணம் வைத்திருக்கிறேன். முதல் நாள் காலையில் ரத்னம்மா எனக்குப் பின்னால் வெகுநேரமாக நின்றிருக்கலாம். நான் சோதிக்காமல் எழுதியதை அவர் கண்கள் பார்த்திருக்கலாம். ஆபீசில் தரை துடைத்த ஒரு பெண், "அண்ணா, நீங்க டெஸ்ட் பண்ணலையே" என்று என்னிடம் சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? அதட்டி உட்கார வைத்திருப்பேன். அதைச் சொல்ல அவருக்கு ஒரு அம்மன் தேவைப்பட்டிருக்கிறாள். இந்தக் காரணம் பகலில் எனக்குப் போதுமானதாக இருக்கிறது. ஆனால் பிரகாஷை அந்த அம்மன் ஏன் வேண்டாம் என்றாள் என்பதற்கு என்னிடம் காரணம் இல்லை.

பிரகாஷ் எங்கள் பிரிவுக்குத் திரும்பி வந்த முதல் நாள், அவன் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். யாரிடம் சொன்னாலும் இவனிடம் சொல்லாமல் தீராது. அன்றைக்கு நான் டெஸ்ட் செய்யவில்லை, செய்ததாக எழுதினேன், அதை மறைக்கத்தான் அம்மன் கதையை வளரவிட்டேன் என்று சொல்லி முடித்தேன். அவன் திட்டுவான், அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

"தெரியும் சார்," என்றான்.

"என்ன தெரியும்?"

"நீங்க எழுதுனத நா பாத்துட்டுதான் இருந்தேன். டப்பாவத் தொறக்கவே இல்ல. எப்பவும் தொறப்பீங்க."

"ரத்னம்மாகிட்ட சொன்னியா?"

"யாருகிட்டயும் சொல்லல. எப்பிடி சார் சொல்றது? வாரத்துக்கு மூணு நாள் எனக்கு ஊசி போடுறது நீங்கதான்." மெஷினைக் காட்டினான். "அன்னிலேருந்து இங்க உக்காரும்போதெல்லாம் பயம் சார். யாராச்சும் ஒருத்தர நம்பினாத்தான் கைய நீட்ட முடியும். உங்கள நம்ப முடியல. அவங்க இருந்தாங்க."

அவன் கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு, ஊசி போட வசதியாகச் சட்டைக் கையை மேலே சுருட்டி, கையை என் பக்கம் நீட்டினான்.